கழற்ற ஒரு ஞாயிறு, பூட்ட ஓர் ஆண்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில், இயந்திரவியல் துறையில் 2009-இல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் தொழில் தொடங்கியது பற்றியும் வெளிநாட்டு அனுபவம் பற்றியும் பேசினார்கள். நான் பேசப் போவது ஒரு பழைய ஸ்கூட்டரைப் பற்றி. 'என்னப்பா, பம்பு கம்பெனியில் எஞ்சினியரா இருக்கிறவன் ஸ்கூட்டர் கதை சொல்றானே' என்று நினைக்க வேண்டாம். கதையின் முடிவில் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறேன். அதற்குத்தான் இத்தனை முன்னுரையும்.

ஸ்கூட்டர் என் அப்பாவுடையது. 1974-ஆம் வருடத்து பஜாஜ் சேத்தக். அப்பா அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருடம் வரைக்கும் காத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு என்பது இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது 'பையன் ஸ்கூட்டர் புக் பண்ணியிருக்கான்' என்பதையும் ஒரு தகுதியாகச் சொன்ன காலம். நான் கல்லூரியை முடித்த வருடத்தோடு அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். 2016-இல் அவர் காலமானார். வண்டி திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. 2022-இல் கொட்டகையை இடித்துக் கட்ட வேண்டி வந்தபோது அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "ஓடுச்சுன்னா வச்சுக்க. ஓடலன்னா எடைக்குப் போட்டுடு. சும்மா பூப் போட்டுக் கும்புட எனக்கு ஒரு வண்டி வேண்டாம்."

இதைவிடத் தெளிவான இலக்கை எந்த மேலாளரும் எனக்குக் கொடுத்ததில்லை.

வண்டியின் பூர்வீகம்

மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வண்டியின் மூதாதை இத்தாலியின் வெஸ்பா. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு ஆளான பியாஜியோ விமானத் தொழிற்சாலை, போருக்குப் பின் மக்கள் வாங்கக்கூடிய ஒரு வாகனத்தைத் தேடியது. வரைந்து கொடுத்தவர் கொர்ராதீனோ தஸ்கானியோ. ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்குப் பிடிக்காது. செயின் எண்ணெய் பேண்ட்டில் ஒட்டும், டயர் மாற்றுவது பெரும்பாடு என்பது அவருடைய குறை. ஆகவே செயினே இல்லாமல், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு நேராகப் பற்சக்கரத்தால் சுழற்சியைக் கொடுத்தார். முன்சக்கரத்தை விமானச் சக்கரம் போல ஒரே பக்கத்தில் தாங்க வைத்தார். குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாகத் தகட்டையே மடித்து உடலாக்கினார். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1946 ஏப்ரல் 23 தேதியிட்டது.

நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமத்தில் வெஸ்பாவைத் தயாரித்தது. அந்த ஒப்பந்தம் 1971-இல் முடிந்தது. 1972-இல் ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரோடு சேத்தக் வந்தது. 57 மில்லிமீட்டர் போர், 57 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். கணக்குப் போட்டுப் பாருங்கள், 145.45 சி.சி. வரும். 2009 இறுதியில் ஸ்கூட்டர் தயாரிப்பையே நிறுத்தப் போவதாக நிறுவனம் அறிவித்தது. 2020-இல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டர் வந்தது. பெயர் மட்டும்தான் அதே.

கழற்றும் கலை

அப்பாவின் வண்டியை எப்போதும் பார்த்து வந்த மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாய்'. ஒரு சனிக்கிழமை மாலை போய் நின்றேன்.

"பாய், அப்பா வண்டியை நானே வீட்டுல வச்சுப் பிரிச்சுப் பூட்டலாம்னு இருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரிக்கிறது யாரு வேணாலும் பிரிக்கலாம் தம்பி. ஒரு ஞாயித்துக்கிழமை போதும். பூட்டும்போது ஒரு வாஷர் மிச்சம் இருந்துச்சுன்னா எங்கிட்ட வராதீங்க."

பிறகு சிரித்துக்கொண்டே மூன்று விதிகளைச் சொன்னார். ஒன்று, கழற்றின நட்டை அது இருந்த போல்ட்டிலேயே திரும்பத் திருகி வை. இரண்டு, எது முதலில் வந்ததோ அது வலது ஓரம், கடைசியில் வந்தது இடது ஓரம், தரையில் வரிசையாகப் பழைய வேட்டியில் பரப்பு. மூன்று, எதையும் உடனே கழுவாதே. அழுக்கு பேசும்.

மூன்றாவது விதி எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. எஞ்சினின் எந்த இணைப்பில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் கேஸ்கெட் போயிருக்கும். பிஸ்டன் பக்கவாட்டில் பழுப்புக் கறை கீழே இறங்கியிருந்தால் ரிங் எரிந்த வாயுவைத் தாங்கவில்லை என்று பொருள். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவிவிட்டால் இந்தச் சாட்சியெல்லாம் போய்விடும். நம் தொழிற்சாலைகளில் பழுதின் மூல காரணம் கண்டறிதல் என்று இரண்டு நாள் பயிற்சி வைக்கிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான்.

நான் சேர்த்துக்கொண்டது கைப்பேசி காமிரா. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். கேபிள் எந்தத் துளை வழியாக, எந்த வளைவில் போகிறது என்பதற்குப் படம் மிக அவசியம். இந்த வண்டியில் இரண்டு கியர் கேபிள், கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பின் பிரேக் என்று பல கேபிள்கள் தகட்டு உடலுக்குள்ளேயே மறைந்து ஓடுகின்றன. பழைய கேபிளை வெறுமனே உருவி எடுத்துவிட்டால் புதியதை உள்ளே நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழையதன் நுனியில் ஒரு நீளக் கம்பியைக் கட்டி இழுத்தால் கம்பி உள்ளேயே வழிகாட்டியாகத் தங்கும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளாகச் சேர்த்து முடுக்கியது. டயரில் காற்று இருக்கும்போது ரிம்மைச் சேர்க்கும் நட்டுகளைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்குப் பாயும். முதலில் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். பிறகுதான் ஸ்பேனர்.

காற்று வாங்கும் எஞ்சின்

எஞ்சினை இறக்குவது அதிசயமாக எளிது. கேபிள்கள், ஷாக் அப்சார்பர், பிறகு ஒரே ஒரு நீளமான போல்ட்டு. அதை உருவினால் எஞ்சின், கியர் பாக்ஸ், பின்சக்கரம் மூன்றும் ஒன்றாகக் கீழே வந்துவிடும். சாதாரணக் கருவிகளோடு திறக்க முடியும் என்று நினைத்துச் செய்த வடிவமைப்பு இது. மேக்னெட்டைக் கழற்ற மட்டும் தனியாக ஒரு புல்லர் வேண்டும். அதைச் சுத்தியலால் தட்டி எடுப்பவர்கள் கிராங்க் ஷாப்ட்டை வளைத்துவிடுகிறார்கள்.

அப்பா கடைசி நாட்களில் சொல்லிக்கொண்டிருந்த குறை, 'வண்டி சூடானா இழுக்க மாட்டேங்குது, நிறுத்தினா நிக்க மாட்டேங்குது' என்பது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் குறையாமல் அலறும். நான் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு ஒரு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பாய் எஞ்சினின் மேக்னெட் பக்கத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். "சீல் காத்து வாங்குது தம்பி" என்றார்.

இந்த நாலு வார்த்தையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல், ஆயில், காற்றுக் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸுக்குள் வருகிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் குறைந்து கலவையை உறிஞ்சும். கீழே வரும்போது அதை அழுத்தி மேலே சிலிண்டருக்குள் தள்ளும். ஆகவே கிராங்க் கேஸ் காற்றுப் புகாத அறையாக இருந்தாக வேண்டும். அந்த அறைக்குக் காவல் கிராங்க் ஷாப்ட்டின் இரு முனையிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள். மேக்னெட் பக்கச் சீல் காய்ந்து வெடித்தால் வெறும் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து எஞ்சின் தறிகெட்டு ஓடும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மறுபக்கம், கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். கையடக்கமான ஒரு ரப்பர் வளையம் செய்கிற வேலை இது.

இந்தப் பாடத்தை நான் இதே கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். வரைபடம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண்ணும் வாங்கினேன். பாய் எட்டாம் வகுப்பு. ஆனால் அழுத்த வேறுபாடு என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. நான் புத்தகத்திலிருந்து வந்தேன், அவர் எஞ்சினிலிருந்து வந்தார். இருவரும் சந்தித்த இடம் அந்த ரப்பர் வளையம்.

பூட்டிய கதை

உடல் தகடுகளை டிங்கரிங் கடைக்குக் கொடுத்தேன். இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது, தகடுதான் எலும்பு. ஆகவே கால் வைக்கும் தளத்தில் துரு என்றால் அது அழகுப் பிரச்சினை அல்ல, பலத்தின் பிரச்சினை. துருவின் மேல் பட்டி பூசி மறைக்காமல், அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொன்னேன். பெயிண்ட்டை உரிக்கும்போது மேலே கருநீலம், அதற்குக் கீழே கிரீம், எல்லாவற்றுக்கும் அடியில் வெளிர்பச்சை. அம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பச்சையிலதான் உங்கப்பா என்னைப் பாக்க வந்தாரு" என்றார். எந்த நிறம் அடிப்பது என்ற ஆலோசனை அத்தோடு முடிந்தது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடத்தில் மட்டும் உப்புத்தாளோ பட்டியோ படக்கூடாது என்று ஆரம்பத்திலேயே டேப் ஒட்டி மறைத்தோம். அந்த எண் மங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டிக்கு அடையாளமே இல்லை.

சிலிண்டர் தேய்ந்திருந்ததால் லேத்தில் ரீபோர். சேத்தக்குக்கு இன்றைக்கும் பிஸ்டன், ரிங், சீல், கேபிள் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் கிடைக்கும் நன்மை இது. மீட்டர் மூடி, முன்விளக்கு வளையம் போன்ற பழைய மாடலுக்கே உரிய சாமான்களுக்குத்தான் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன்.

பேரிங் பூட்டியது மறக்க முடியாதது. அலுமினியக் கேஸுக்குள் இரும்பு பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் இரண்டுக்கும் கேடு. அலுமினியம் சூட்டில் விரிவது எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால் கையாலேயே இறங்கிவிடும். பேரிங்கைப் பாலிதீன் பையில் சுற்றி முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். காலையில் ஐஸ் எடுக்கப் போன அம்மா, "இது என்னடா, குளிர்பதனக் கடையா, மெக்கானிக் கடையா" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் பேரிங் 'டொக்' என்று உட்கார்ந்ததைப் பார்த்தவர், அதன் பிறகு ஐஸ் பெட்டியில் எனக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கிவிட்டார்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசிக்கு இரு புறமும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் சுவரில் உள்ள துளையில் முனை மாட்டி ஒடியும். கஜன் பின்னின் சர்க்லிப் எப்போதும் புதிது. ஹெட்டின் நான்கு நட்டுகளும் குறுக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக. பாயிண்ட் இடைவெளி 0.3-இலிருந்து 0.5 மில்லிமீட்டருக்குள், பிளக்கில் 0.6. இதையெல்லாம் பாய் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், நான் செய்தேன். ஏன் அப்படி என்றால் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. சர்க்லிப்பை ஒரு முறை தானே போடுகிறேன் என்று வாங்கினார். மூன்று தடவை நழுவியது. பேசாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியுது தம்பி, கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார். அன்றைக்குத்தான் நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்தேன்.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. எஞ்சின் ஓடுகிறதா என்று சோதிக்கும் ஆர்வத்தில் பலர் சிலிண்டரை மூடும் தகட்டுக் கூட்டைப் போடாமலே கிக் செய்வார்கள். மேக்னெட்டிலுள்ள விசிறியின் காற்றைச் சிலிண்டரின் மேல் திருப்புவது அந்தக் கூடுதான். அது இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே சூடு ஏறிவிடும்.

2023 கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு. முதல் கிக், பத்தாவது கிக், இருபதாவது கிக், ஒன்றுமில்லை. தெருப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: தீப்பொறி, பெட்ரோல், அழுத்தம். பிளக் துளையை விரலால் அடைத்தால் கிக்கரை மிதித்ததும் விரலைத் தள்ளுகிறது, அழுத்தம் சரி. பிளக் நனைந்திருக்கிறது, பெட்ரோல் சரி. பிளக்கை ஹெட்டோடு ஒட்டி வைத்து மிதித்தால் பொறி மஞ்சளாகப் பலவீனமாக வந்தது. பாயிண்ட் சுத்தம். ஆக மிச்சம் கண்டன்சர். புதிதாக வாங்கியதுதான், ஆனாலும் மாற்றினோம். பொறி நீலமானது. அப்புறம் அந்தக் காலத்து வழக்கப்படி வண்டியை ஒரு தடவை சாய்த்து நிமிர்த்தி ஒரு மிதி. பிடித்துக்கொண்டது. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எல்லோருக்கும் காப்பியோடுதான் வெளியே வந்தார்.

சட்டமும் புகையும்

வண்டியைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள், பிறகு ஸ்பேனரைத் தேடலாம். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தனி. ஐம்பது வருடம் கடந்து, அசல் நிலையில் உள்ள வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து வருடம், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். அம்மாவின் நிபந்தனை ஓடுவது அல்லவா? ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம்.

இன்னொன்று. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர்க் குழாயும் வாஷரும் அதில் ஊறிக் கெடும். எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள். டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுக்கும்.

டூ ஸ்ட்ரோக்கின் புகழ் பாட நான் வரவில்லை. உள்ளே வரும் கலவையின் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே எரிந்த ஆயிலின் புகை. அது சாலையை விட்டுப் போனது நியாயம். எங்கள் வண்டி வாரம் ஒரு நாள் அம்மாவை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போகிறது, அவ்வளவுதான். நான் காப்பாற்ற நினைப்பது புகையை அல்ல.

கோரிக்கை

காப்பாற்ற நினைப்பது பாய் போன்றவர்களின் கையில் இருக்கும் படிப்பை. போன வருடம் தை மாதம் அவர் கடையை மூடிவிட்டார். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் நாற்பத்தைந்து வருடம் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன ஒருவரிடம் இதுவரை யாரும் ஒரு வரி எழுதி வாங்கவில்லை. என் நோட்டில் எண்பது பக்கம் சேர்ந்திருக்கிறது. அது போதாது. அடுப்பில் சூடான கேஸ் 'போதும்' என்ற பதத்தை அடைந்ததை அவர் எப்படிக் கண்டுகொள்கிறார் என்பதை எழுதி முடியாது. பக்கத்தில் நின்றுதான் படிக்க வேண்டும்.

நான் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். வருகிற பிள்ளைகள் கணினியில் எஞ்சினையே சுழற்றிக் காட்டுகிறார்கள், எங்கள் தலைமுறையைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு நட்டைக் கொடுத்து 'முடுக்கு' என்றால் எவ்வளவு முடுக்குவது என்று கை தயங்குகிறது. அது அவர்கள் குற்றமில்லை. முடுக்க நாம் எதையும் கொடுக்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. நம் கல்லூரிப் பணிமனைக்குப் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் நான்கு வாங்கிக் கொடுப்போம். காயலான் கடையில் எடைக்குக் கிடைப்பவைதான். ஒன்றை நான் ஏற்கனவே வாங்கிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் என் காரில் இருக்கிறது. நான்கு மாணவருக்கு ஓர் எஞ்சின், ஒரு பருவம். பிரித்து, அளந்து, பழுதைக் கண்டறிந்து, பூட்டி, ஓடவிட்டுக் காட்ட வேண்டும். வாஷர் மிச்சம் இருக்கக் கூடாது. மாதம் இரண்டு சனிக்கிழமை, நம் ஊர்களில் கடையை மூடிவிட்ட மூத்த மெக்கானிக் ஒருவரை ஆசிரியராக, உரிய சம்பளத்தோடு, அழைத்து வர வேண்டும். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது.

பாயிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "காலேஜுக்கா? நான் போயி என்ன தம்பி சொல்றது?" என்று முதலில் தயங்கினார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "பிள்ளைங்களை நல்ல சட்டை போட்டுட்டு வர வேணாம்னு சொல்லுங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே, சங்கம் முடிவு செய்யும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒரு பழைய மிக்ஸி, தையல் இயந்திரம், தாத்தாவின் சைக்கிள் ஏதாவது இருக்கும். வீட்டில் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு அதைத் திறந்து பாருங்கள். கீழே பழைய வேட்டி விரிக்க மறக்க வேண்டாம்.